லெயோனில் இரண்டு இரவுகள்: கமினோ யாத்ரிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்ஸ் எல்லையிலிருந்து வடக்கு ஸ்பெயினைக் குறுக்காகக் கடந்து சந்தியாகோ தெ கம்போஸ்தெலா வரை போகும் பழைய யாத்திரைப் பாதைக்குக் கமினோ பிரான்செஸ் என்று பெயர். அதில் நடப்பவர்கள் லெயோன் நகருக்கு வரும்போது கால் வலியோடும் அழுக்குத் துணியோடும் வருகிறார்கள். புர்கோஸிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர், நிழலே இல்லாத சமவெளி அப்போதுதான் முடிந்திருக்கும். துணி துவைப்பார்கள், தூங்குவார்கள், பேராலயத்தின் முன் நின்று ஒரு படம் எடுப்பார்கள், விடியும் முன் கிளம்பிவிடுவார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். காலை பத்து மணிக்குப் பேராலயத்துக்குள் போய் அரை மணி நேரத்தில் வெளியே வந்தேன். இரண்டாம் முறை ஒரு சாயங்காலம் உள்ளே போனபோதுதான், முதல் முறை எதையுமே பார்க்கவில்லை என்று புரிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியின் முதல் வேண்டுகோளே இதுதான்: லெயோனுக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள். பழைய நகரம் சிறியது, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஆனால் இங்கே பார்க்க வேண்டியவற்றுக்கு ஏற்ற நேரம் என்று ஒன்று உண்டு. சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துத்தான் இந்த ஊரைச் சுற்ற வேண்டும்.

முழுநேர யாத்ரிகர் அல்லாதவர்களுக்கும் இந்த ஊர் நல்ல தொடக்கம். லெயோனிலிருந்து சந்தியாகோ ஏறத்தாழ 310 கிலோமீட்டர். இரண்டு வாரம் விடுப்பு கிடைக்கிறவர்கள் இங்கிருந்தே நடக்கத் தொடங்கலாம்.

பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை

சந்தியாகோ என்பது இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரான பெரிய யாக்கோபு. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அவர் புதியவர் இல்லை. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறார்களே, அவரேதான். அவருடைய திருநாள் ஜூலை 25. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்த ஆண்டு கம்போஸ்தெலாவில் புனித ஆண்டு. அடுத்தது 2027. அந்த ஆண்டு போக நினைப்பவர்கள் படுக்கைக்கு இப்போதே திட்டமிடுவது நல்லது, பாதை நிரம்பி வழியும்.

லெயோன் என்றால் ஸ்பானிய மொழியில் சிங்கம். நகரத்தின் சின்னத்திலும் சிங்கம்தான் இருக்கிறது. ஆனால் பெயர் சிங்கத்திலிருந்து வரவில்லை, ‘லெஜியோ’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. படையணி என்று பொருள். கி.பி. 68இல் கால்பா என்ற ரோமானிய ஆளுநர் திரட்டிய ஏழாம் படையணி சில ஆண்டுகளுக்குப் பின் இங்கே நிலையாக முகாமிட்டது. மேற்கே லாஸ் மெதுலாஸ் சுரங்கங்களிலிருந்து தங்கம் ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதைக் காப்பது இந்தப் படையின் வேலைகளில் ஒன்று. முகாமின் செவ்வக வடிவம் இன்றும் பழைய நகரத்தின் வரைபடத்தில் தெரிகிறது. சுற்றுலா அலுவலகத்தில் இலவச வரைபடம் கிடைத்தால் முதலில் அந்தச் செவ்வகத்தை விரலால் வரைந்து பாருங்கள். இனி நீங்கள் பார்க்கப் போகும் பெரும்பாலானவை அதற்குள்ளோ அதன் விளிம்பிலோதான்.

போவதற்கு முன்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மாட்ரித்தின் சாமார்த்தின் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் லெயோன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், சில வண்டிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகும். லெயோன் ரயில் நிலையம் பெர்னெஸ்கா ஆற்றுக்கு மேற்கே இருக்கிறது. பாலத்தைத் தாண்டி நேரே ஒர்தோன்யோ இரண்டாமவர் பெயரிலுள்ள பெரிய சாலையைப் பிடித்தால் இருபது, இருபத்தைந்து நிமிட நடையில் பேராலயம். டாக்ஸி தேவையே இல்லை.

நடந்து வருகிறவர்களுக்கு வேறு விதமான தகவல் தேவைப்படும். மான்சிய்யா தெ லாஸ் முலாஸ் என்ற ஊரிலிருந்து லெயோன் 18 கிலோமீட்டர். அந்த நடையின் பெரும்பகுதி நெடுஞ்சாலை ஓரம், கிடங்குகள், புறநகர். பலர் மான்சிய்யாவிலிருந்து பேருந்து ஏறிவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் முடிந்தவர்கள் புவென்தே காஸ்த்ரோ வரையாவது நடந்து வாருங்கள். தோரியோ ஆற்றின் மேல் 18ஆம் நூற்றாண்டுக் கல்பாலம் இருக்கிறது. நகரத்துக்குள் கால் வைப்பதற்கு அது சரியான வாசல்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பெயின் என்றதும் வெயிலை மட்டும் நினைத்துப் போகாதீர்கள். ஜூலையிலும் இரவில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். குளிர்காலத்தில் நன்றாக உறையும். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள்தான் என் தேர்வு.

யாத்ரிகராக நடப்பவர்கள் கிரெதென்சியல் என்ற யாத்ரிகர் அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். தங்கும் இடம், தேவாலயம், சில சமயம் காப்பிக்கடையிலும் அதில் முத்திரை குத்துவார்கள். அதைக் காட்டினால்தான் யாத்ரிகர் சத்திரங்களில் படுக்கை. கடைசியில் சந்தியாகோவில் சான்றிதழ் வாங்கவும் அதுதான் ஆதாரம்.

யாத்ரிகர் தங்குமிடத்தை ஸ்பானிய மொழியில் அல்பெர்கே என்கிறார்கள். நம் பழைய சத்திரம் என்ற சொல்லே அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. லெயோனில் பலருக்கும் தெரிந்தது பெனடிக்டின் கன்னியர் மடத்தின் சத்திரம். கார்பஹாலாஸ் என்று கேட்டால் வழி சொல்வார்கள். அடுக்குக் கட்டில்தான், வசதி குறைவு. ஆனால் இரவு செபத்துக்குப் பின் கன்னியர் யாத்ரிகர்களுக்கு ஆசி வழங்குகிறார்கள். நம்பிக்கை உள்ளவர்களோ இல்லாதவர்களோ, அந்த ஆசிக்காக ஓர் இரவு அங்கே தங்கலாம். சத்திரங்களில் பொதுவாக ஒரே ஓர் இரவுதான் அனுமதி. ஆகவே இரண்டாம் இரவுக்குப் பழைய நகரத்துக்குள் ஒரு சிறு விடுதியை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தனிக் குளியலறை, தனிக் கதவு. பத்து நாள் நடந்த உடம்புக்கு அது பெரிய விஷயம்.

நேரக் கணக்கும் முக்கியம். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். இடையில் பல கடைகளும் அருங்காட்சியகங்களும் மூடிக்கொள்ளும். ஞாயிறு மாலையும் திங்கட்கிழமையும் இன்னும் மோசம். எந்த இடத்துக்கும் போவதற்கு முந்தைய நாளே அதன் வாசலில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டம் போடும்போது திங்கள் வராதபடி பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும்.

முதல் நாள் மதியம்: சிப்பியைப் பின்தொடருங்கள்

பையை வைத்துவிட்டு, குளித்துவிட்டு, லேசான செருப்போடு இறங்குங்கள். நடைபாதையில் ஆங்காங்கே யாத்திரையின் சின்னமான சிப்பிகளை வெண்கலத்தில் பதித்திருப்பார்கள். அதுதான் கமினோ பாதை. சாந்தா ஆனா சதுக்கத்திலிருந்து தொடங்கி, மொனேதா வாசல் இருந்த தெரு வழியாக உள்ளே வாருங்கள். இந்த வழியாகத்தான் இடைக்கால யாத்ரிகர்களும் மதிலுக்குள் நுழைந்தார்கள்.

அங்கிருந்து முதல் நிறுத்தம் கிரானோ சதுக்கம், அதாவது தானியச் சதுக்கம். தரை முழுக்க ஆற்றுக் கூழாங்கற்கள், இடையிடையே புல். நடுவில் நீரூற்று. ஒரு தூணைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு குழந்தை உருவங்கள் நிற்கின்றன. அவை நகரத்தை இருபுறமும் அணைத்து ஓடும் பெர்னெஸ்கா, தோரியோ என்ற இரண்டு ஆறுகள். பக்கத்திலேயே சந்தை மாதா தேவாலயம். முன்பு வழித்துணை மாதா என்ற பொருள்படும் பெயர் அதற்கு இருந்தது. கன்னியர் சத்திரமும் இங்கேதான். இந்தச் சதுக்கத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை, அதனால்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். கல்லில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் அன்ச்சா தெருவுக்கு ஏறுங்கள். அகலத் தெரு என்று பொருள். அதன் மேற்கு முனையில் காசா பொதினெஸ் நிற்கிறது. பார்சலோனாவில் மட்டும்தான் கட்டடக் கலைஞர் கௌதியின் கட்டடங்கள் இருக்கின்றன என்று நினைப்பவர்கள் இங்கே வியந்து நிற்பார்கள். கத்தலோனியாவுக்கு வெளியே அவர் கட்டியவை மூன்றே மூன்று. கொமிய்யாஸில் ஒன்று, இங்கிருந்து மேற்கே அஸ்தோர்காவில் ஒன்று, மூன்றாவது இது. 1890களின் தொடக்கத்தில் துணி வியாபாரிகளுக்காகக் கட்டியது. கீழே கடை, மேலே வீடுகள். நான்கு மூலையிலும் கூரான கோபுரங்கள், சிலேட் கூரை, கொஞ்சம் கோட்டை போன்ற தோற்றம். கட்டும்போது ஊர்க்காரர்கள் பலருக்கும் அது இடிந்துவிடும் என்ற சந்தேகம் இருந்தது. இடியவில்லை. வாசலுக்கு மேலே புனித ஜார்ஜ் பறவைநாகத்தைக் குத்தும் சிலை. 1950களின் தொடக்கத்தில் அதைச் சரிசெய்ய இறக்கியபோது, அடியில் ஓர் ஈயக் குழாய்க்குள் கட்டடத்தின் மூல வரைபடங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. எதிரே ஒரு பெஞ்சில் வெண்கலக் கௌதி உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் குறைவு என்றால் வெளியே பார்த்தால் போதும்.

முதல் நாள் மாலை: பேராலயம்

இப்போது பேராலயம். கோடையில் லெயோனில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். ஆகவே மாலை வெளிச்சம் என்றால் 6 மணிக்கு மேல். மூடும் நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு உள்ளே இருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுதான்.

முதலில் வெளியே பாருங்கள். மேற்கு முகப்பில் மூன்று வாசல்கள். நடு வாசலின் தூணில் வெள்ளை மாதா. அது நகல், மூலச் சிலை உள்ளே ஒரு சிற்றாலயத்தில் இருக்கிறது. மேலே இறுதித் தீர்ப்பு. ஒரு பக்கம் மோட்சத்துக்குப் போகிறவர்கள், மறுபக்கம் பாவிகளைக் கொப்பரையில் போட்டு வேகவைக்கிறார்கள். வாசல்களுக்கு நடுவே ஒரு கல்தூண் நிற்கும், அதில் லத்தீனில் முறையீட்டு இடம் என்று பொறித்திருக்கிறது. இடைக்காலத்தில் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்ன இடம். தலைக்கு மேலே கடவுளின் தீர்ப்பு, கீழே மனிதரின் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்பவர் நிமிர்ந்து பார்த்தால் பயம் வரட்டும் என்றுதான் அங்கே வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

இனி உள்ளே. நுழைந்ததும் நடக்காதீர்கள், நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ரோமானியக் குளியல் கூடங்கள் இருந்த இடத்தின் மேல், பிரான்சின் ரான்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து எழுப்பிய கட்டடம் இது. கட்டியவர்கள் சுவரை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார்கள். சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி. மொத்தம் ஏறக்குறைய 1,800 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி. கூரையைத் தாங்குவது மெல்லிய கல்தூண்களும் வெளியே முட்டுக்கொடுத்து நிற்கும் வளைவுகளும்தான்.

வடக்குப் பக்கச் சன்னல்களில் பழைய ஏற்பாடு. அங்கே நேரடி வெயில் விழுவதில்லை, நீலமும் பச்சையும் அதிகம். தெற்கில் புதிய ஏற்பாடு, சிவப்பும் மஞ்சளும். வாக்களிக்கப்பட்டது குளிர்ந்த நிறத்தில், நிறைவேறியது சூடான நிறத்தில். எழுதப் படிக்கத் தெரியாத யாத்ரிகருக்கும் இந்த மொழி புரிந்திருக்கும். கீழ் வரிசையில் செடிகொடிகளும் அன்றாட வேலைகளும், நடு வரிசையில் குடும்பச் சின்னங்கள், மேலே தீர்க்கதரிசிகளும் புனிதர்களும். மண்ணிலிருந்து விண்ணுக்கு ஏறும் வரிசை.

பீடத்துக்குப் பின்னால் உள்ள சுற்றுப்பாதையை மெதுவாகச் சுற்றி வாருங்கள். அதற்குள் சூரியன் மேற்கே இறங்கியிருக்கும். இப்போது திரும்பி நின்று, வந்த வாசலுக்கு மேலே இருக்கும் பெரிய வட்டச் சன்னலைப் பாருங்கள். மேற்குச் சூரியன் அதன் வழியாக நேராக உள்ளே வருகிறது. தூண்களில் சிவப்பும் நீலமும் திட்டுத் திட்டாக விழும், நிமிடத்துக்கு நிமிடம் நகரும். பக்கத்தில் நிற்பவரின் முகத்திலும் விழும். காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டுப் போன எனக்கு இது எதுவுமே கிடைக்கவில்லை.

இவ்வளவு கண்ணாடிக்கு ஒரு விலை இருந்தது. கல் தளர்ந்தது, வளைவுகள் விரிசல் விட்டன. 19ஆம் நூற்றாண்டில் கட்டடமே விழும் நிலைக்கு வந்தது. 1844இல் ஸ்பெயின் அரசு தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்த முதல் கட்டடம் இதுதான். கண்ணாடிகளைக் கழற்றி, தூண்களை முட்டுக்கொடுத்து நிறுத்தி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டி, 1901இல்தான் மறுபடி வழிபாட்டுக்குத் திறந்தார்கள். 1966 மே மாதத்தில் இடி விழுந்து கூரை பற்றி எரிந்தது. அன்றைக்கும் கண்ணாடி தப்பியது. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள்.

வெளியே வரும்போது புனித யோவான் வாசலின் உள்பக்கத்தில், மேலே பாருங்கள். ஒரு பெரிய தோல் போன்ற பொருள் தொங்கும். பகலில் கட்டியதை இரவில் ஒரு ராட்சத அகழெலி தோண்டித் தள்ளியது, கடைசியில் அதைப் பிடித்துக் கொன்று தோலை மாட்டினார்கள் என்பது ஊர்க் கதை. ஆராய்ந்து பார்த்தபோது அது ஆமை ஓடு. ஆனாலும் அடித்தளம் பலவீனமான கட்டடத்துக்கு மக்கள் சொல்லிக்கொண்ட காரணமாக அந்தக் கதையில் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

முதல் இரவு: சாப்பாடு

பழைய நகரத்தின் மதுக்கடைப் பகுதிக்குப் பாரியோ ஊமெதோ என்று பெயர், ஈரப் பேட்டை என்று சொல்லலாம். சான் மார்த்தீன் சதுக்கத்தைச் சுற்றியுள்ள சந்துகள். லெயோனில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: குடிக்க எதை வாங்கினாலும் கூடவே ஒரு சிறு தட்டில் சாப்பிட ஏதாவது இலவசமாக வரும். அதுதான் தாபா. நாலு கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும்.

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். ‘மோஸ்தோ’ என்று கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு, ஊர்க்காரர்களே விரும்பிக் குடிப்பது, அதற்கும் தாபா உண்டு. பீர் குடிப்பவர்கள் ‘கோர்த்தோ’ என்று கேட்டால் சின்னக் கிளாஸில் வரும். உள்ளூர் ஒயினுக்குப் பிரியெத்தோ பிகூதோ என்ற திராட்சையின் பெயரைச் சொன்னால் போதும்.

தட்டில் என்ன வருகிறது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். லெயோனின் பெருமை செசீனா. மாட்டின் பின்தொடை இறைச்சியை உப்பிட்டு, புகைபோட்டு, மாதக்கணக்கில் உலர்த்தி மெல்லிசாகச் சீவியது. மோர்சிய்யா என்பது இரத்தமும் வெங்காயமும் சேர்த்தது. இங்கே அதை உறையிலிருந்து எடுத்து, ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ‘சின் கார்னே, சின் ஹமோன்’ (இறைச்சி வேண்டாம், பன்றித் தொடை வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடையை இறைச்சியாகவே சிலர் கணக்கில் எடுப்பதில்லை. பூண்டு ரொட்டிச் சூப்பிலும் அது ஒளிந்திருக்கும். பாதுகாப்பானவை உருளைக்கிழங்கு முட்டை அடை, காரச் சாறு ஊற்றிய வறுத்த உருளைக்கிழங்கு, பியெர்சோ பகுதியின் சுட்ட குடமிளகாய், வல்தெயோன் நீலப் பாலாடைக்கட்டி. முட்டையும் வேண்டாம் என்பவர்கள் காலையிலேயே கடையில் ரொட்டி, தக்காளி, பழம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள் காலை: சான் இசிதோரோ

சீக்கிரம் எழுந்திருங்கள். சான் இசிதோரோ ஆலயமும் அதை ஒட்டிய அருங்காட்சியகமும் ரோமானிய மதிலோடு ஒட்டியே எழுந்தவை, மணிக்கோபுரம் மதிலின் மேலேயே நிற்கிறது. உச்சியில் சேவல் வடிவக் காற்றுத் திசைகாட்டி ஒன்று சுழலும். அது நகல். மூலச் சேவல் உள்ளே இருக்கிறது.

செவில்யா நகரின் பேராயராக இருந்த புனித இசிதோரின் உடலை 1063இல் இங்கே கொண்டுவந்தார்கள். அரசர் முதலாம் பெர்னாந்தோவும் அரசி சாஞ்சாவும் எடுத்த முயற்சி. ஆலயத்துக்குள் நுழைய கட்டணம் இல்லை. இரவும் பகலும் நற்கருணை ஆராதனைக்கு வைத்திருக்கும் பழைய உரிமை இந்த ஆலயத்துக்கு உண்டு. எப்போது போனாலும் யாராவது முழங்காலில் இருப்பார்கள், சத்தம் போடாமல் சுற்றுங்கள். தெற்கே இரண்டு வாசல்கள். ஒன்று செம்மறி வாசல், ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் காட்சி செதுக்கியது. மற்றது மன்னிப்பு வாசல். நோயினால் சந்தியாகோ வரை போக முடியாத யாத்ரிகர் இந்த வாசலைக் கடந்தாலே அங்கே போன பரிபூரண பலன் கிடைக்கும் என்றார்கள். இவ்வளவு தூரம் நடந்து வந்து, கால் ஒத்துழைக்காமல் இங்கேயே நின்றவர்கள் எத்தனை பேரோ. அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட வாசல் என்பதால் எனக்கு அதன் முன் நிற்கும்போது மனசு இளகும்.

அடுத்து அருங்காட்சியகச் சீட்டு வாங்கி அரச கல்லறை மண்டபத்துக்கு வாருங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, நல்லதுதான். தாழ்வான வளைவுக்கூரை, குட்டையான தூண்கள். 23 அரசர் அரசியர் இங்கே புதைக்கப்பட்டார்கள். நெப்போலியனின் படை வந்தபோது கல்லறைகளைக் குலைத்துவிட்டது. ஆனால் தலைக்கு மேலே இருந்ததை விட்டுவிட்டது. அங்கே சுமார் 900 ஆண்டுப் பழமையான ஓவியங்கள், பெரும்பாலும் வரைந்த நிறத்திலேயே இருக்கின்றன.

அருங்காட்சியக வழிகாட்டி உங்களுக்குக் கிறிஸ்து அரசரையும் கடைசி இராவுணவையும் காட்டுவார். நீங்கள் இடையர்களைத் தேடுங்கள். வானதூதர் நற்செய்தி சொல்கிறார். ஓர் இடையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் பெரிய காவல் நாய்க்குக் கிண்ணத்தில் குடிக்கக் கொடுக்கிறான். ஒருவன் கொம்பு ஊதுகிறான், இரண்டு ஆடுகள் முட்டிக்கொள்கின்றன. லெயோன் மலைகளில் இன்றும் அந்த இன நாய்கள் மந்தை காக்கின்றன. வரைந்தவன் பெத்லகேமைப் பார்த்ததில்லை. இந்த மலையை நன்றாகப் பார்த்திருக்கிறான்.

அப்புறம் ஒரு வளைவின் உள்பக்கத்தில் பன்னிரண்டு வட்டங்கள் இருக்கும். அவை பன்னிரண்டு மாதங்கள். ஜனவரியில் இருமுகம் கொண்டவன் ஒரு கதவை மூடி ஒன்றைத் திறக்கிறான். பிப்ரவரியில் கிழவர் குளிர்காய்கிறார். மார்ச்சில் திராட்சைக் கொடியை வெட்டிவிடுகிறார்கள், ஜூலையில் அறுவடை, ஆகஸ்டில் கதிரடிப்பு, செப்டம்பரில் திராட்சை பறிப்பு, அக்டோபரில் பன்றிக்கு ஓக் கொட்டை உதிர்ப்பு, நவம்பரில் அந்தப் பன்றியை வெட்டுகிறார்கள், டிசம்பரில் நெருப்போரம் விருந்து. அரசர்கள் கிடக்கும் இடத்தின் கூரையில் குடியானவனின் ஆண்டு. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் இந்த வளைவின் கீழ் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

மேல்தளத்தில் அரசகுமாரி உர்ராக்காவின் பொற்கிண்ணம் இருக்கிறது. பழங்கால அகேட் கல் கோப்பைகள் இரண்டைச் சேர்த்துப் பொன்னும் மணியும் பதித்தது. இயேசு கடைசி இராவுணவில் பயன்படுத்திய கிண்ணம் இதுவே என்று 2014இல் ஒரு நூல் வாதிட்டது. வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கவில்லை, ஆனால் கூட்டம் மட்டும் குறையவில்லை. காலையில் முதல் ஆளாகப் போகச் சொன்னது இதற்காகத்தான்.

சுற்றுமண்டபத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1188இல் ஒன்பதாம் அல்போன்சோ கூட்டிய அவையில் குருக்கள், பிரபுக்களோடு நகரங்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்ற முறைக்கு ஆவணச் சான்றுள்ள மிகப் பழைய வடிவம் என்று 2013இல் யுனெஸ்கோ அதை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

இரண்டாம் நாள் மதியமும் மாலையும்

வெளியே வந்ததும் மதிலை ஒட்டி நடங்கள். ரமோன் இ கஹால் சாலைப் பக்கமும் பேராலயத்துக்குப் பின்னால் கூபோஸ் சாலையிலும் ரோமானிய மதிலின் உருண்டையான கொத்தளங்கள் வரிசையாக நிற்கின்றன. சில இடங்களில் வீடுகள் மதிலின் முதுகிலேயே கட்டியிருக்கும்.

கண்ணாடியில் மனம் போனவர்கள் வடமேற்கே முசாக் நவீனக் கலைக்கூடம் வரை போய் வரலாம். 2005இல் திறந்தது. அதன் முகப்பில் இருக்கும் வண்ணக் கண்ணாடிப் பலகைகளின் நிறங்கள், பேராலயத்தின் வல்லூறு வேட்டைக்காரன் சன்னலிலிருந்து எடுத்தவை. முதல் நாள் மாலை பார்த்ததை இங்கே பட்டப்பகலில் தெருவில் பார்ப்பது போல இருக்கும். உள்ளே உள்ள கண்காட்சி பிடிக்கிறதோ இல்லையோ, முகப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

அங்கிருந்து சான் மார்கோஸ் பக்கம்தான். ஆற்றங்கரையில் ஏறக்குறைய 100 மீட்டர் நீளத்துக்கு ஒரே முகப்பு, வெள்ளிப் பாத்திரத்தில் செதுக்கியது போல நுணுக்கமான 16ஆம் நூற்றாண்டு வேலை. ஏழை யாத்ரிகர்களுக்கு மருத்துவமனையாகத் தொடங்கி, சந்தியாகோ வீரத் துறவியர் சபையின் மடமாக இருந்தது. கவிஞர் கெவேதோவை 1639 முதல் 1643 வரை இங்கே சிறை வைத்தார்கள். 1930களின் ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது தளபதி பிராங்கோவின் தரப்பினர் இதைக் கைதி முகாமாக மாற்றி ஆயிரக்கணக்கானவர்களை அடைத்தார்கள். பலர் உயிரோடு திரும்பவில்லை. இன்று இது அரசு நடத்தும் ஆடம்பர விடுதி. முகப்பின் அழகைப் பார்க்கும்போது இதையும் தெரிந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

எதிரே சதுக்கத்தில் சிலுவையின் அடியில் ஒரு வெண்கல யாத்ரிகர். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். நடந்து வந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் செருப்பையும் கழற்றுகிறார்கள். நீங்களும் செய்யுங்கள்.

திருவிழாக் காலம்

புனித வாரத்தில் போனால் பெரிய வெள்ளியன்று பல மணி நேரம் நீளும் பவனி இருக்கிறது. பாரமான சுரூபங்களைத் தோளில் சுமந்து ஆட்டி ஆட்டி நடப்பார்கள். அந்த வாரம் அறை கிடைப்பது மிகக் கடினம். அக்டோபர் 5 லெயோன் மறைமாவட்டத்தின் காவலர் புனித புரொய்லான் திருநாள். அதை ஒட்டி நடக்கும் ஒரு சடங்கு எனக்குப் பிரியமானது. நகராட்சி பேராலயத்துக்குக் காணிக்கை கொண்டுபோகும். அது கட்டாயக் கடமை என்று குருவானவர் வாதிடுவார், இல்லை, மனமுவந்து தருவது என்று நகராட்சிப் பிரதிநிதி வாதிடுவார். ஒவ்வோர் ஆண்டும் வாதம் முடிவுக்கு வராமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

மூன்றாம் நாள் விடியல்: கிளம்புதல்

சான் மார்கோஸுக்கு ஒட்டிய பழைய கல்பாலத்தில் பெர்னெஸ்காவைக் கடந்து மேற்கே போங்கள். மஞ்சள் அம்புகள் வழிகாட்டும். முதல் ஏழெட்டு கிலோமீட்டர் புறநகர்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். லா விர்ஹென் தெல் கமினோ என்ற ஊரில் 1961இல் கட்டிய தேவாலயம் வரும். அதன் முகப்பில் சுபிராக்ஸ் என்ற சிற்பி செய்த 13 வெண்கல உருவங்கள், மாதாவும் பன்னிரு திருத்தூதர்களும், நம்மை விட மூன்று மடங்குக்கும் மேல் உயரமாக நிற்கிறார்கள். அவர்களில் சந்தியாகப்பரை உடையில் இருக்கும் சிப்பிகளை வைத்துக் கண்டுபிடியுங்கள். அவர் கை கம்போஸ்தெலா இருக்கும் திசையைக் காட்டுகிறது.

அந்த ஊரைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் நெடுஞ்சாலை ஓரமாகவே வியதாங்கோஸ் வழியாகப் போக வேண்டும். இடது பக்கம் வியர் தெ மசாரிபே வழி, வயல்கள், லாரிச் சத்தம் இல்லை. இரண்டும் ஒஸ்பிதால் தெ ஓர்பிகோவின் நீண்ட கல்பாலத்தில் சேர்ந்துவிடும். 1434இல் சுவெரோ தெ கிஞோனெஸ் என்ற லெயோன் வீரன், காதலுக்காகக் கழுத்தில் இரும்பு வளையம் அணிந்து, அந்தப் பாலத்தை மறித்து வந்தவர்களோடெல்லாம் ஈட்டிப் போர் செய்தான். இடது பக்கப் பாதையைப் பிடியுங்கள். நடுவே கடைகள் குறைவு என்பதால் இரண்டு லிட்டர் தண்ணீரை லா விர்ஹெனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.